சேர்வராயன் மலைக்கு 'தி' உண்டு, ஏற்காட்டுக்கு இல்லை!

சேலம் மாவட்டத்து மலைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த நூலையும் எடுத்துப் பாருங்கள். மலைத்தொடரைக் குறிப்பிடும்போது 'தி ஷெவராய் ஹில்ஸ்' என்றோ, சுருக்கமாக 'தி ஷெவராய்ஸ்' என்றோ எழுதியிருப்பார்கள். அதே மலையின் மேல் இருக்கும் ஊரைக் குறிப்பிடும்போது வெறும் 'ஏற்காடு' என்றுதான் இருக்கும். 'தி ஏற்காடு' என்று யாரும் எழுதுவதில்லை. மலைக்கு ஒரு 'தி'. ஊருக்கு அது கிடையாது. இந்தப் பாகுபாடு ஏன்?

இயற்பியல் கற்பிப்பவன் ஆங்கில இலக்கணத்தில் ஏன் தலையிடுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பள்ளியில் தமிழில் அறிவியல் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர்கள் பலர், பாடத்தை நன்கு அறிந்தவர்கள். ஆனால் அவர்களுடைய செய்முறைக் குறிப்பேட்டைத் திறந்தால், 'தி' என்னும் சொல் எல்லா இடத்திலும் இருக்கும். அல்லது எந்த இடத்திலும் இராது. இது வெறும் மொழிப் பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் சில இடங்களில் இந்தச் சின்னஞ்சிறு சொல் இயற்பியலையே மாற்றிவிடுகிறது. சில இடங்களில் உண்மையை மறைக்கவும் செய்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

சிறிய சொல், பெரிய வேலை

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று, 'எது, எத்தனை, எவ்வளவு' என்று வரையறுத்துக் கொடுக்கும் சொற்கள் சில உண்டு. எ, ஆன், தி, திஸ், தட், சம், எனி, எவ்ரி, ஈச் ஆகியவை இந்த வகை. இவற்றை 'டிட்டர்மினர்' என்பார்கள். இவற்றுள் மிகுதியாக வருவது 'தி'. சொல்லப் போனால், ஆங்கில மொழியிலேயே மிக அதிகமாகப் பயன்படும் சொல் இதுதான். சாதாரணமான ஓர் ஆங்கிலக் கட்டுரையில் நூறு சொற்களுக்கு ஐந்து அல்லது ஆறு இடங்களில் 'தி' வரும்.

இவ்வளவு முறை வரும் சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடினால் திருப்தியான விடை கிடைக்காது. ஏனெனில் 'தி' என்பது எந்தப் பொருளையும் குறிப்பதில்லை. அது கேட்பவருக்கு ஒரு செய்தி சொல்கிறது: 'நான் எதைச் சொல்கிறேன் என்பது உனக்குத் தெரியும், அல்லது நீ கண்டுபிடித்துக் கொள்ளலாம், ஏனெனில் அது ஒன்றுதான் இருக்கிறது.' இதுவே 'தி'யின் முழு வேலை.

ஓர் ஊரில் ஒரு ராஜா

'தமிழில் இப்படிப்பட்ட சொல் இல்லையே, நமக்கு எப்படிப் புரியும்?' என்று தயங்க வேண்டாம். சொல் இல்லையே தவிர, கருத்து நம்மிடம் உண்டு. பாட்டி சொல்லும் கதையை நினைத்துப் பாருங்கள்.

'ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு மகள்.'

முதல் முறை 'ஒரு ராஜா'. இரண்டாம் முறை 'அந்த ராஜா'. ஆங்கிலக் கதையிலும் இதே முறைதான். முதலில் 'எ கிங்', பிறகு 'தி கிங்'. புதிதாக அறிமுகமாகும்போது 'எ'. அறிமுகமான பின் 'தி'.

இன்னொரு எடுத்துக்காட்டு. சேர்வராயன் மலை காப்பிக்குப் பெயர் பெற்றது. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். அந்தக் காப்பியை வைத்தே இரு வாக்கியங்கள் எழுதுவோம்.

'அப்பா காப்பி குடித்தார்.'
'அப்பா காப்பியைக் குடித்தார்.'

இரண்டும் ஒன்றா? இல்லை. முதல் வாக்கியத்தில் ஏதோ காப்பி. டீ அல்ல என்பதே செய்தி. இரண்டாவதில் நம் இருவருக்கும் தெரிந்த, மேசை மேல் இருந்த காப்பி. இங்கே 'தி' செய்யும் வேலையை இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' செய்துவிடுகிறது! ஆங்கிலம் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை வைத்துச் சொல்வதை நாம் பெயருக்குப் பின்னால் ஓர் உருபை ஒட்டிச் சொல்கிறோம். எல்லாப் பெயர்களிலும் இப்படி நடப்பதில்லை. மனிதரைக் குறிக்கும் பெயர்களில் பெரும்பாலும் 'ஐ' வந்தே தீரும். ஆயினும் கருத்து நமக்குப் புதிதல்ல என்பது தெளிவு.

இப்போது இயற்பியலுக்கு வருவோம். ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார்: 'எ ஃபோர்ஸ் ஆக்ட்ஸ் ஆன் எ பாடி. எ ஃபோர்ஸ் இஸ் ஃபைவ் நியூட்டன்ஸ்.' ஒரு பொருளின் மீது ஒரு விசை செயல்படுகிறது. அந்த விசை 5 நியூட்டன் என்பது அவர் நினைத்தது. ஆனால் ஆங்கிலம் படிப்பவர் என்ன நினைப்பார்? இரண்டாம் முறையும் 'எ ஃபோர்ஸ்' என்று வந்ததால், இது வேறொரு விசையோ என்று ஐயுறுவார். ஒரு விசைக்கு ஒரு முடுக்கம். இரண்டு விசைகளுக்குத் தொகுபயன் காண வேண்டும். கணக்கே மாறிவிடும்! 'தி ஃபோர்ஸ்' என்று எழுதியிருந்தால் குழப்பமில்லை.

இரண்டு நிபந்தனைகள்

1905ஆம் ஆண்டில் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர், 'மைண்ட்' என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கணித அறிஞரும் கூட. அக்கட்டுரையின் மையப் பொருள் நமது 'தி'தான். ஒருமைப் பெயருக்கு முன் 'தி' போடும்போது நாம் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் சொல்கிறோம் என்று அவர் காட்டினார். ஒன்று, அப்படி ஒரு பொருள் இருக்கிறது. இரண்டு, அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

இந்த இரு நிபந்தனைகளையும் ஏற்காட்டிலேயே சோதித்துப் பார்ப்போம்.

'தி ரயில்வே ஸ்டேஷன் அட் ஏற்காடு' என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? ஏற்காட்டில் ரயில் நிலையமே இல்லை. கீழே சேலத்தில் இறங்கித்தான் மலையேற வேண்டும். ஆகவே முதல் நிபந்தனை பொய்த்தது.

'தி ஹேர்பின் பெண்ட் ஆன் தி சேலம்-ஏற்காடு ரோடு' என்றால்? கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஆனால் ஒன்றா? அந்தப் பாதையில் 20 வளைவுகள் உள்ளன. எந்த வளைவு என்று கேட்பவர் திகைப்பார். இரண்டாம் நிபந்தனை பொய்த்தது. 'எ ஹேர்பின் பெண்ட்' என்றால் சரி. இருபதில் ஏதோ ஒன்று. 'தி டென்த் ஹேர்பின் பெண்ட்' என்றாலும் சரி. பத்தாவது வளைவு ஒன்றுதானே இருக்க முடியும்? முதலாவது, பத்தாவது, கடைசி, மிக உயர்ந்த, மிகச் சிறிய என்னும் சொற்கள் வரும்போது 'தி' தானாக வந்து சேர்வதன் இரகசியம் இதுதான். அவை ஒன்றைத் தனியே பிரித்து நிறுத்திவிடுகின்றன.

'தி லேக் இன் தி சென்டர் ஆஃப் தி டவுன்' என்றால்? ஊரின் நடுவே ஏரி இருக்கிறது, ஒன்றுதான் இருக்கிறது. இரு நிபந்தனைகளும் நிறைவேறின. ஏரியும் காடும் சேர்ந்தே ஏற்காடு என்ற பெயர் வந்தது என்பர்.

பன்மைப் பெயருக்கு முன் 'தி' வந்தால், 'அவை அனைத்தும்' என்று பொருள். 'தி ஹேர்பின் பெண்ட்ஸ்' என்றால் இருபது வளைவுகளும் சேர்ந்து.

மலைக்கும் ஆற்றுக்கும் மட்டும் ஏன்?

இப்போது நமது முதல் வினாவுக்கு விடை கிடைக்கிறது. 'ஏற்காடு' என்பது சிறப்புப் பெயர். அதைச் சொன்ன மாத்திரத்தில் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். சுட்டிக் காட்ட இன்னொரு சொல் தேவையில்லை. ஆகவே சேலம், சென்னை, யாழ்ப்பாணம் ஆகிய எந்த ஊருக்கும் 'தி' இல்லை.

ஆனால் 'ஷெவராய் ஹில்ஸ்' என்பதில் 'ஹில்ஸ்' என்பது பொதுப் பெயர், அதுவும் பன்மை. குன்றுகள் பல. அவற்றுள் சேர்வராயன் குன்றுகள் அனைத்தையும் ஒன்று திரட்டிச் சொல்ல 'தி' தேவைப்படுகிறது. நாளடைவில் 'ஹில்ஸ்' மறைந்து 'தி ஷெவராய்ஸ்' என்று சுருங்கினாலும், 'தி'யும் பன்மை 'ஸ்'ஸும் நின்றுவிட்டன. 'தி நீல்கிரீஸ்', 'தி ஹிமாலயாஸ்', 'தி வெஸ்டர்ன் காட்ஸ்' எல்லாம் இவ்வகையே. தமிழில் நாம் இத்தனை குன்றுகளையும் சேர்த்துச் 'சேர்வராயன் மலை' என்று ஒருமையில் சொல்கிறோம். உச்சியில் கோயில் கொண்டிருக்கும் தெய்வத்தின் பெயரே மலைக்கும் பெயர். ஆங்கிலேயர் வாயில் சேர்வராயன் 'ஷெவராய்' ஆயிற்று. ஒருமையும் பன்மை ஆயிற்று!

தனிச் சிகரத்துக்கு 'தி' இல்லை: 'எவரெஸ்ட்', 'தொட்டபெட்டா'. ஆறுகளுக்கு உண்டு: 'தி காவேரி', 'தி கேஞ்சஸ்'. அங்கும் 'ரிவர்' என்னும் பொதுப் பெயர் மறைந்து நிற்பதாகக் கொள்ளலாம். ஏரிகளுக்கோ பெரும்பாலும் இல்லை. ஆற்றுக்கு உண்டு, ஏரிக்கு இல்லை என்பதற்குத் தருக்க முறையில் காரணம் தேட வேண்டாம். அது வழக்கு. இயற்கை விதி போல மொழி விதி விலக்கில்லாமல் இயங்குவதில்லை.

நீரின் கொதிநிலை எது?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 'தி பாயிலிங் பாயிண்ட் ஆஃப் வாட்டர் இஸ் 100 டிகிரி செல்சியஸ்.' இந்த வாக்கியத்தை நீங்கள் பலமுறை எழுதியிருப்பீர்கள். ரஸ்ஸலின் நிபந்தனைகளை இதற்கும் பொருத்திப் பாருங்கள். நீருக்குக் கொதிநிலை இருக்கிறது. ஆனால் ஒன்றுதானா?

நீரின் ஆவியழுத்தம் வெளியே உள்ள காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது நீர் கொதிக்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் பாதரசம். அங்கே நீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே செல்லச் செல்ல நமக்கு மேலே இருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது, ஆகவே நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக் கொள்ளலாம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் சுமார் 99 டிகிரியில் கொதிக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 635 மில்லிமீட்டர்தான். நீர் சுமார் 95 டிகிரியில் கொதித்துவிடும். மலையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் ஆவதும், அங்கே பிரஷர் குக்கர் மிகவும் உதவுவதும் இதனால்தான்.

ஆக, சென்னைக்கு ஒரு கொதிநிலை, சேலத்துக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு ஒன்று! 'தி பாயிலிங் பாயிண்ட்' என்பது 'தி ஹேர்பின் பெண்ட்' போன்றதாகிவிட்டது. எந்த அழுத்தத்தில் என்று சொல்லாதவரை அந்தத் 'தி'க்கு உரிமையில்லை. 'அட் எ பிரஷர் ஆஃப் ஒன் அட்மாஸ்ஃபியர்' என்று சேர்த்துவிட்டால் கொதிநிலை ஒன்றாகிவிடும்; 'தி'யும் நியாயமாகிவிடும். இதைத்தான் 'நார்மல் பாயிலிங் பாயிண்ட்' என்கிறோம். 1990ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவுமுறைப்படி நுட்பமாக அளந்தால் அது 99.97 டிகிரி. பள்ளிக் கணக்குகளுக்கு 100 என்று கொள்வதில் தவறில்லை.

ஏற்காட்டுப் பள்ளி ஒன்றில் படிக்கும் மாணவி ஒருத்தி, கொதிக்கும் நீரின் ஆவியில் வெப்பநிலைமானியைப் பிடித்துப் பார்க்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். பாதரசம் 95இல் நின்றுவிடுகிறது. புத்தகமோ 100 என்கிறது. அவள் குறிப்பேட்டில் எதை எழுதுவாள்? 'தி' என்று உறுதியாகச் சொல்லும் புத்தகத்துக்குப் பயந்து, 95ஐ அழித்து 100 என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் கண்ணால் கண்டதை மறைத்தது ஆகும். அறிவியலில் இதைவிடப் பெரிய தவறு இல்லை.

அவள் செய்ய வேண்டியது வேறு. வெப்பநிலைமானி பழுதா என்று முதலில் சோதிக்க வேண்டும். உருகும் பனிக்கட்டியில் அதை வைத்துப் பார்க்கலாம். உருகுநிலையை இந்த அளவு அழுத்த மாற்றம் பாதிப்பதே இல்லை எனலாம். ஆகவே சேலமானாலும் ஏற்காடானாலும் அது பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் கீழ்ப்புள்ளி சரி. பிறகு காற்றழுத்தமானியைப் பார்த்து, 'அழுத்தம் இவ்வளவு. அப்போது கொதிநிலை 95 டிகிரி' என்று எழுத வேண்டும். அந்த அழுத்தத்துக்குரிய கொதிநிலையை அட்டவணையில் ஒப்பிட்டுப் பார்த்தால் மேல்புள்ளியும் சரியா என்று தெரிந்துவிடும். அந்த விடை புத்தக விடையை மறுக்கவில்லை. புத்தகம் சொல்லாமல் விட்ட நிபந்தனையை வெளியே கொண்டுவருகிறது.

பாடநூலில் 'தி' வரும் இடமெல்லாம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'உண்மையிலேயே ஒன்றுதானா? எந்த நிபந்தனையில்?'

'தி ஸ்பீட் ஆஃப் லைட்' என்பார்கள். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792,458 மீட்டர். 1983ஆம் ஆண்டு முதல் மீட்டரின் வரையறையே இதன் அடிப்படையில்தான். ஆனால் நீரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,25,000 கிலோமீட்டர்தான் செல்லும். ஆகவே 'இன் வேக்குவம்' என்பது சேர வேண்டும்.

எக்ஸ் வர்க்கம் சமம் 9 என்னும் சமன்பாட்டுக்கு 'தி ரூட்' என்று எழுதினால் தவறு. 3, கழித்தல் 3 என்று இரு மூலங்கள் உண்டு. 'எ ரூட்' என்க. அல்லது 'தி பாசிட்டிவ் ரூட்' என்க. வட்டத்தின் மேலுள்ள ஒரு புள்ளியில் வரையும் தொடுகோடு 'தி டேன்ஜென்ட்'. வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து வரைந்தால் இரண்டு தொடுகோடுகள் வரும். ஆகவே 'எ டேன்ஜென்ட்'.

சில வேளை ஒரு கண்டுபிடிப்பு 'தி'யை 'எ' ஆக்கிவிடும். நிலா ஒன்றுதான் என்றிருந்த காலத்தில் 'தி மூன்' மட்டுமே பொருளுடையது. 1610ஆம் ஆண்டில் கலிலியோ தம் தொலைநோக்கி வழியே வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். அதன்பின் 'எ மூன் ஆஃப் ஜூப்பிட்டர்' என்று சொல்ல வழி பிறந்தது.

சொல்லே வேண்டாத இடமும் உண்டு. பொதுவாக ஒளியைப் பற்றிப் பேசும்போது 'லைட் டிராவல்ஸ் இன் ஸ்ட்ரெய்ட் லைன்ஸ்' என்றே எழுத வேண்டும். 'தி லைட்' என்றால் 'எந்த ஒளி?' என்று கேட்கத் தோன்றும். 'தி லைட் ஃப்ரம் தி லேம்ப்' என்பது சரி. நீர், வெப்பம், ஆற்றல், தங்கம் என எண்ண முடியாத பொருள்களைப் பொதுப்படக் கூறும்போது 'தி'யை விட்டுவிடுங்கள்.

'தி' பிறந்த கதை

பிறக்கும்போதே 'தி' இப்படி இருக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் ஆண்பாலுக்கு 'சே', பெண்பாலுக்கு 'சேயோ', மற்றதற்குத் 'தட்' என்று மூன்று சொற்கள் இருந்தன. வேற்றுமைக்கு ஏற்ப அவை மேலும் பல உருவங்கள் எடுத்தன. அவற்றின் பொருள் 'அந்த' என்பதே. அதாவது அவை சுட்டுச் சொற்கள். காலப்போக்கில் பால் வேறுபாடு மறைந்தது. உருவங்கள் தேய்ந்து 'தி' ஒன்றே மிஞ்சியது. சுட்டும் வன்மையும் குறைந்தது. விரல் நீட்டிச் சுட்டும் வேலையைத் 'தட்' வைத்துக் கொண்டது; நினைவில் சுட்டும் வேலை 'தி'க்கு வந்தது. 'தி'யும் 'தட்'டும் உடன்பிறப்புகள்!

இது ஆங்கிலத்தில் மட்டும் நடந்ததன்று. இலத்தீன் மொழியில் இத்தகைய சொல் இல்லை. ஆனால் 'அந்த' என்னும் பொருளுடைய 'இல்லே' என்ற இலத்தீன் சொல் தேய்ந்துதான் பிரெஞ்சு மொழியின் 'ல'வும், ஸ்பானிய மொழியின் 'எல்'லும் உண்டாயின. தமிழ், இந்தி, ரஷ்யம், ஜப்பானியம் ஆகியவை இத்தகைய சொல் இல்லாமலே சிறப்பாக இயங்குகின்றன. இலங்கையில் பேசப்படும் சிங்களம் இன்னொரு வழி கண்டது. 'பொத' என்றால் குறிப்பிட்ட அந்தப் புத்தகம். 'பொதக்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். அங்கே 'ஒரு' என்பது சொல்லின் வாலில் ஒட்டிக் கொள்கிறது!

பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கு 'தார்ன்' என்று ஒரு தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அதன் வடிவம் நாளடைவில் 'ஒய்' எழுத்தைப் போல் ஆயிற்று. பிற நாடுகளிலிருந்து வந்த அச்செழுத்துகளில் 'தார்ன்' இல்லாததால் அச்சிடுவோர் 'ஒய்'யையே அதற்குப் பதிலாக வைத்தனர். பழங்காலத் தோற்றத்துக்காகச் சில ஆங்கிலக் கடைகளின் பலகையில் 'யீ ஓல்ட்' என்று இருக்குமே, அந்த 'யீ' உண்மையில் 'தி'தான்.

இயற்பியலில் அடிக்கடி வரும் ஒரு வாக்கிய அமைப்பு: 'தி ஹையர் தி ஆல்டிட்யூட், தி லோயர் தி பிரஷர்.' உயரம் கூடக் கூட அழுத்தம் குறையும். இங்கே 'ஹையர்', 'லோயர்' என்பவற்றின் முன் நிற்கும் 'தி' நாம் இதுவரை பார்த்த 'தி' அன்று. பழைய சுட்டுச் சொல்லின் மூன்றாம் வேற்றுமை உருவம் தேய்ந்து இப்படி நின்றுவிட்டது. 'எவ்வளவோ, அவ்வளவு' என்பது அதன் பொருள்.

'எ, ஆன்' என்பனவும் 'ஒரு, ஓர்' என்பனவும்

'ஒன்று' என்னும் பொருளுடைய 'ஆன்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லே இன்றைய 'ஆன்'. மெய்யொலிக்கு முன் அதன் 'ன்' உதிர்ந்து 'எ' ஆயிற்று. நமது 'ஒரு'வும் ஒன்று என்னும் எண்ணிலிருந்து வந்ததே. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' - ஓர் ஊர், ஓர் ஏரி. மற்ற இடத்தில் 'ஒரு' - ஒரு மலை. ஆங்கிலத்திலும் உயிரொலிக்கு முன் 'ஆன்', மற்ற இடத்தில் 'எ'. தமிழ் மாணவருக்கு இதைவிட எளிய விதி உண்டா? எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும் என்பது ஒன்றே எச்சரிக்கை: 'ஆன் ஆம்பியர்', 'ஆன் எக்ஸ்-ரே', ஆனால் 'எ யூனிட்'.

இந்த 'ன்' சில வேளை தவறான பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. கிரிக்கெட்டில் வரும் 'அம்பயர்' முன்பு 'நம்பயர்' போன்ற ஒலியுடன் இருந்த சொல். 'எ நம்பயர்' என்பதை 'ஆன் அம்பயர்' என்று பிரித்துக் கேட்டதால் தலையெழுத்துப் போயிற்று!

ஏற்காட்டில் விளையும் ஆரஞ்சுக்கும் இதே கதைதான். வடமொழியில் அது 'நாரங்க', பாரசீகத்தில் 'நாரங்', அரபியில் 'நாரஞ்ச்'. இதன் வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர். ஐரோப்பாவுக்குச் சென்றபோது இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் வாயில் 'ஒரு' என்னும் பொருளுடைய 'ஊன்' என்ற சொல்லின் இறுதி 'ன்' ஒலியோடு கலந்து முதல் 'ந' கரைந்துவிட்டது. ஸ்பானியர் மட்டும் 'நாரங்ஹா' என்று காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் பிரெஞ்சு வழியாக 'ஆரஞ்சு' என்று பெற்று நம்மிடமே திருப்பிக் கொண்டுவந்தனர். நம் வீட்டு நார்த்தங்காயில் அந்த 'நா' இன்றும் பத்திரமாக இருக்கிறது.

அரபு மொழியின் 'தி' எது தெரியுமா? 'அல்'. அல்ஜீப்ரா, ஆல்கலி, ஆல்கஹால் ஆகிய சொற்களின் தலையில் இருப்பது அதுதான். விண்மீன்களிலும் உண்டு. ரோகிணியின் மேனாட்டுப் பெயர் 'ஆல்டெபரான்'. 'பின்தொடர்வது' என்பது பொருள். திருவோணத்தின் பெயர் 'ஆல்டேர்'.

நினைவில் கொள்க

1. முதல் அறிமுகம் 'எ' அல்லது 'ஆன்', பின்பு 'தி'.
2. ஒன்றே ஒன்று என்றால் 'தி'. பலவற்றுள் ஏதோ ஒன்று என்றால் 'எ'.
3. பொதுப்படக் கூறும் எண்ண இயலாப் பொருளுக்கும், ஊர்ப் பெயருக்கும் எதுவும் வேண்டாம்.
4. அறிவியலில் 'தி' போடுமுன், எந்த நிபந்தனையில் அது ஒன்றாகிறது என்று எழுதுக.

பயிற்சி

கோடிட்ட இடங்களை நிரப்புக. சில இடங்களில் எதுவும் தேவைப்படாது.

1. --- ஏற்காடு இஸ் இன் --- ஷெவராய் ஹில்ஸ்.
2. --- காவேரி ரைசஸ் அட் --- தலைக்காவேரி.
3. --- கோல்டு இஸ் --- எலிமெண்ட்.
4. டிரா --- சர்க்கிள். மார்க் --- சென்டர் ஆஃப் தி சர்க்கிள்.
5. சிந்திக்க: ஒரு வட்டத்துக்கு 'எ ரேடியஸ்' என்பது சரியா, 'தி ரேடியஸ்' என்பது சரியா?

விடைகள்: 1. எதுவும் இல்லை, தி. 2. தி, எதுவும் இல்லை. 3. எதுவும் இல்லை, ஆன். 4. எ, தி. 5. இரண்டும் சரி. மையத்திலிருந்து பரிதிக்கு வரையும் கோடு என்னும் பொருளில் ஆரங்கள் எண்ணற்றவை. ஆகவே 'எ ரேடியஸ்'. அந்தக் கோடுகளின் நீளம் என்னும் பொருளில் ஆரம் ஒன்றே; ஆகவே 'தி ரேடியஸ்'.